மூலைக்கு மூலை

தன் அக்கா வீட்டுக் கதவை அந்த மழைக்காலத்தில் தச்சன் மூன்று முறை இழைத்தான்.

முதல் முறை சந்தேகம் எதுவும் வரவில்லை. மழையில் மரம் ஊறும், கதவு பிடிக்கும். இழைப்புளியோடு அக்கா வீடு இருந்த கீழ் வரிசைக்கு இறங்கினான். தாழ்ப்பாள் பக்கம் மேல் மூலை நிலையில் உரசியது. கால் அங்குலம் எடுத்தான். கதவு மூடியது. அக்கா தேநீர் கொடுத்தாள்.

பத்து நாளில் அதே மூலை மறுபடி பிடித்தது. வெளியாள் வீடாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று அக்கா கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கால் அங்குலம் எடுத்தான்.

மூன்றாம் முறை இழைப்புளியைப் பையிலிருந்து உடனே எடுக்கவில்லை. ஊறிய கதவு மேலிருந்து கீழ்வரை உரசும். இது ஒரு மூலையில் மட்டும் உரசியது. அதே மூலைக்கு எதிர் மூலையில், கீல் பக்கம் அடியில், சுண்டுவிரல் நுழையும் சந்து விழுந்திருந்தது. பையிலிருந்து நூலை எடுத்து நிலையின் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குப் பிடித்தான். முடிச்சுப் போட்டான். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்தான். நிலை ஒழுங்காக நின்றால் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது. அந்த நிலையை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வைத்தவன் அவன்தான். அன்று மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

ரசமட்டத்தை வாசற்படியில் வைத்தான். குமிழி மலைப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கியிருந்தது.

அக்கா கேட்டதற்கு மரம் இன்னும் காயவில்லை என்று சொன்னான். கதவை இழைத்துக் கொடுத்தான்.

கீழ் வரிசையில் பதினொரு வீடுகள். ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் சரிவில் நிற்பவை. கீல் பார்க்க வந்ததாகச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் நூல் பிடித்தான். பாறை மேல் நின்ற இரண்டு வீடுகள் நேராக இருந்தன. மற்ற ஒன்பதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்பது வீட்டிலும் கதவு பிடிக்கிறது என்றார்கள். மூன்றாம் வீட்டுக்காரி தானே கத்தியால் மூலையைச் சீவியிருந்தாள்.

ஊருக்குத் தண்ணீர் மலைக்குள்ளிருந்து வந்தது. கீழ் வரிசைக்கு மேலே மலையைப் படுக்கையாகக் குடைந்த ஒரு சுரங்கம். குனிந்து போனால் நூறு அடி போகலாம். பாறை இடுக்குகளில் கசியும் நீர் தரையில் ஓடி வெளியே தொட்டியில் விழும். மழைக்காலத்தில் அப்படியே விட்டால் மழையோடு மழையாக எல்லாம் போய்விடும். அதனால் மழை முடியப்போகும் மாதத்தில், நாற்பதாவது அடியில், கல்லும் களிமண்ணும் வைத்துச் சுவர்போல் அடைப்பார்கள். அடைப்பின் நடுவில் துளைபோட்ட மரக்கட்டை. துளையை அடைக்க ஒரு மர முளை. மலை தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும். ஓடை வற்றிய பிறகு முளையைச் சற்றே தளர்த்துவார்கள். நூலாக வரும் அந்த நீர்தான் கோடை முழுவதும்.

தளர்த்தும் நாளில் வீட்டுக்கு ஒருவர் சுரங்க வாயில் வந்து நிற்க வேண்டும். ஒரு வீடு வராவிட்டாலும் முளையைத் தொடமாட்டார்கள். முளை முழுவதும் வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான். பாயும் நீர் கட்டையைச் சுற்றியுள்ள களிமண்ணை அரித்துவிடும். மலை காலியாகும்வரை ஒன்றும் செய்ய முடியாது.

போன ஆண்டு அடைப்பில் விரிசல் விட்டு எல்லாம் ஒழுகிப்போனது. கோடையில் மலையடிப் பள்ளத்துக் குட்டைதான் கதி. இறங்க ஒரு மணி நேரம், குடத்தோடு ஏற இரண்டு மணி நேரம். ஐந்து குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயின. இந்த ஆண்டு ஊர் கூடி முடிவெடுத்தது. அடைப்பு இரண்டு பங்கு கனம். கடைசி மாதம்வரை காத்திருப்பதில்லை. முதல் மழைக்கே அடைப்பது. தச்சனும் கையைத் தூக்கினான்.

ஐம்பது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது.

சுரங்கத்தைப் பார்த்துக்கொள்பவன் தச்சனின் மனைவிக்கு அண்ணன். வாழ்நாளில் பாதியை வளைக்குள் கழித்ததால் ஊரில் அவனுக்குப் பெருச்சாளி என்று பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான். தச்சன் போனபோது சுரங்க வாயிலில் உட்கார்ந்து விளக்குத் திரியை வெட்டிக்கொண்டிருந்தான். தச்சன் நூலையும் முடிச்சுகளையும் காட்டினான். பெருச்சாளி முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தான்.

இதை என்னிடம் ஏன் காட்டுகிறாய் என்று கேட்டான்.

மலை கனத்துவிட்டது, சரிவு நகர்கிறது, திறந்துவிட வேண்டும் என்றான் தச்சன். கொஞ்சம் தளர்த்தினாலும் போதும்.

பெருச்சாளி தலையை ஆட்டினான். இவ்வளவு தண்ணீர் நிற்கும்போது தளர்த்தினால் முளை கையில் நிற்காது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும். திறந்தால் முழுவதும்தான். ஊரைக் கேட்கச் சொன்னான்.

"நீ மரத்தைப் பார்த்துச் சொல்றே. நான் தண்ணியப் பார்த்துச் சொல்றேன். அடைப்புல ஒரு சொட்டு ஒழுகலை மாப்பிள்ளை."

"அதனாலதான் பயமா இருக்கு மச்சான்."

கூட்டம் கடைக்காரரின் கிடங்கில் நடந்தது. மூட்டைகளை ஓரமாக அடுக்கி இடம் செய்திருந்தார்கள். எல்லார் மேலும் ஈரத்துணி வாடை. தச்சன் பேசிப் பழகாதவன். நூலைத் தூக்கிக் காட்டினான். ஒன்பது வீட்டு அளவையும் சொன்னான். பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

கடைக்காரர் அவனை முழுவதும் பேசவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்மாளு மலையே கோணல்ங்கிறான்."

கிடங்கு சிரித்தது. மூன்றாம் வீட்டுக்காரி தன் வீட்டுக் கதவைத் தானே சீவிச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள்.

மேல் வரிசைக்காரர்கள் மறுப்பார்கள் என்று தச்சன் எதிர்பார்த்திருந்தான். அவர்கள் அதிகம் பேசவில்லை. கீழ் வரிசைக்காரர்கள்தான் பேசினார்கள். குட்டைக்குப் போனவர்கள் அதிகமும் அவர்கள்தான். ஒருத்தி முந்தைய கோடையில் வழுக்கிக் குடத்தோடு விழுந்ததைச் சொன்னாள். ஒருவர் தன் மாடுகள் செத்ததைச் சொன்னார். கடைசியில் அக்கா எழுந்தாள். தச்சன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

"என் வீடு போனா எனக்குப் போவுது. தண்ணி போனா எல்லாருக்கும் போவுது. என் முட்டி ரெண்டும் போன வருஷமே போயிடுச்சு. திறக்க நான் வந்து நிக்கமாட்டேன்."

ஒரு வீடு வரவில்லையென்றால் முடிந்தது. கூட்டம் கலைந்தது.

வெளியே வந்து, இன்றிரவு முதல் தன் வீட்டில் படுத்துக்கொள்ளும்படி அக்காவிடம் கெஞ்சினான். ஆடுகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு அவள் குடையை விரித்தாள்.

அடுத்த நான்கு நாட்கள் அவன் காலையில் முதல் வேலையாக அக்கா வீட்டு நிலையில் நூல் பிடித்தான். ஒரு அங்குலம். ஒன்றேகால். மூன்றாம் நாள் அதே ஒன்றேகால். அன்று மழை குறைவு. நான்காம் நாள் ஒன்றே முக்கால். வாசற்படிக்கும் சுவருக்கும் இடையில் சுவரின் உள் மண் தெரிந்தது. அக்கா அதில் பழந்துணியைத் திணித்திருந்தாள்.

அங்கிருந்து நேராகப் பெருச்சாளி வீட்டுக்குப் போனான். பெருச்சாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தச்சன் அளவைச் சொன்னான். பெருச்சாளி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். சுரங்கத்துக்கு ஒரு கம்பிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி கூரை விட்டத்தில் செருகியிருக்கும். அது வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் தெரியும்.

"நான் இப்ப கை கழுவப் பின்னாடி போறேன்" என்றான் பெருச்சாளி. "கொஞ்ச நேரமாகும்."

தச்சன் சாவியோடு விளக்கையும் மரக் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போனான். நாற்பது அடியும் காய்ந்து கிடந்தது. அடைப்பின் முன் மண்டியிட்டான். களிமண்ணில் கை வைத்தால் குளிர்ச்சியாகவும் இறுக்கமாகவும் இருந்தது. முளையைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். மூன்றாவது தட்டு விழுமுன் முளை தானே வந்தது. இடது கட்டை விரலை முறித்துக்கொண்டு பின்னால் பறந்தது. நீர் அவனை மார்பில் அடித்து உருட்டியது. விளக்கு போய்விட்டது. தவழ்ந்தும் உருண்டும் வாயிலுக்கு வந்து சேர்ந்தான்.

பெருச்சாளி அங்கே நின்றுகொண்டிருந்தான். தொட்டியில் விழும் நீரைப் பார்த்தான். செம்மண் கரைசல்போல் கெட்டியாக வந்தது. கையில் அள்ளி, விரல் இடுக்கில் வடியவிட்டு, உள்ளங்கையில் தங்கிய மண்ணைப் பார்த்தான். பிறகு பெருச்சாளி ஊரைக் கூப்பிட ஓடினான்.

மழையில் நனைந்தபடி ஊரே வந்து நின்று பார்த்தது. சிலர் குடத்தில் பிடித்தார்கள். கொட்டுகிற மழையில், நிரம்பி வழியும் ஓடைக்குப் பக்கத்தில் நின்று, சேற்று நீரைக் குடத்தில் பிடித்தார்கள். ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் காலை நூலளவு. மதியம் சொட்டு.

பெருச்சாளி கூட்டத்தில் சாவி திருடப்பட்டது என்றான். தச்சன் மறுக்கவில்லை. வெளியே வந்த நீரின் நிறத்தை மட்டும் சொல்லும்படி அவனைக் கேட்டான். உள் மண் கரைந்து வந்ததை நீ பார்த்தாய் அல்லவா.

பெருச்சாளி தரையைப் பார்த்தான்.

"முதல் தண்ணி எப்பவும் கலங்கித்தான் வரும்."

அடைப்பைத் திரும்பக் கட்ட இருபது நாளானது. கட்டி முடித்த வாரம் மழை நின்றது.

அக்கா வீட்டு நிலை ஒன்றே முக்காலில் அப்படியே நின்றது. தச்சன் ஒரு மாதம் தினமும் அளந்தான். ஒரு நூல்கூடக் கூடவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் அவனுடைய கட்டை விரலில் கட்டுத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். சரிவு விழவில்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள்.

வெயில் வந்ததும் மரம் காய்ந்தது. கீழ் வரிசைக் கதவுகள் சுருங்கின. எதுவும் பிடிக்கவில்லை. இழைத்த மூலைகளில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வந்தது. கடைக்காரர் ஒரு நாள் கீழ் வரிசைக்கு இறங்கி, மூன்றாம் வீட்டுக் கதவை ஒற்றை விரலால் தள்ளித் திறந்து மூடிக் காட்டினாராம். ஈரம் காய்ந்தது, மலை நேராகிவிட்டது என்றாராம். அதன் பிறகு யார் வீட்டிலாவது தண்ணீர் தீர்ந்தால், தச்சனைக் கூப்பிட்டு மலையை இழைக்கச் சொல்லுங்கள் என்பது ஊரில் வழக்கமானது.

யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அடிவாரத்து ஊர்களில் வேலை தேடினான். போகும்போது இரண்டு குடம் கொண்டுபோய், வரும்போது குட்டையில் நிரப்பிக் காவடியாகத் தோளில் ஏற்றி வந்தான். ஒரு குடத்தை அக்கா வீட்டு வாசலில் வைப்பான். மறுநாள் பார்க்கும்போது குடம் அப்படியே இருக்கும். தண்ணீரின் மேல் தூசு படிந்திருக்கும். அவளே குட்டைக்குப் போனாள். அவன் கையால் தண்ணீர் வேண்டாம் என்று அவள் சொன்னதாக மூன்றாம் வீட்டுக்காரி சொன்னாள்.

கோடையின் மூன்றாம் மாதம் அக்கா ஏறும் வழியில் விழுந்தாள். இடுப்பு எலும்பு. நான்கு பேர் கட்டிலில் வைத்து அடிவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். இனி நடக்க முடியாது என்றார் மருத்துவர். அதே கட்டிலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தச்சன் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தான். வழியில் அவள் முகத்தில் வெயில் அடித்தது. இடது கையால் மறைத்தான். கட்டை விரல் கோணலாகச் சேர்ந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள். வேறு வழி இல்லை.

மேல் வரிசையிலிருந்து ஒன்பது குடும்பங்கள் அந்தக் கோடையில் போயின. கடைக்காரர் மனைவிகூட மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஊர் கூடியது. முதல் மழைக்கே அடைப்பது என்பதில் பேச்சே எழவில்லை. முளையைப் பற்றித்தான் பேசினார்கள். ஒற்றை ஆள் பிடுங்க முடியாத முளை வேண்டும். ஊரில் தச்சன் ஒருவன்தான். எட்டு மாதத்தில் ஊர் அவனைக் கூப்பிட்ட முதல் வேலை அது. போ என்றாள் மனைவி.

இருபது நாள் செய்தான். முளைக்கு முன்னால் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தின் இரண்டு முனைகளும் சுரங்கத்தின் இரண்டு பக்கப் பாறைக்குள் போகும். இரண்டிலும் ஆப்பு. ஒன்றைத் தளர்த்தினால் மற்றது இறுகும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வரும். கைகளை எவ்வளவு விரித்தாலும் ஒருவனுக்கு எட்டாது. அவனே உள்ளே நின்று விரித்துப் பார்த்தான். நல்ல வேலை. ஏமாற்ற எங்கும் இடம் வைக்கவில்லை. வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

மழை வந்தது. முப்பதாம் நாள் அக்கா வீட்டுக் கதவு பிடித்தது.

நூல் பிடித்தான். இரண்டரை அங்குலம். அக்கா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

சொன்னான்.

பெருச்சாளியிடம் போனான். இன்னொரு கை வேண்டும் என்றான். பெருச்சாளி விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"போன தடவையும் நான் இல்லை. இந்தத் தடவையும் நான் இல்லை மாப்பிள்ளை."

அவன் வீட்டில் மூன்று குடம் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அவனுடைய இளைய மகள் கோடையில் குட்டை நீர் குடித்துப் படுத்தவள்; இன்னும் எழுந்து நடமாடவில்லை. தச்சன் வற்புறுத்தவில்லை.

அக்காவிடம் திரும்பி வந்தான். இப்போது அவளைத் தூக்கிக்கொண்டு போக யாருடைய சம்மதமும் தேவையில்லை. கட்டில் அருகே குனிந்து கையை அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தான். அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் உன் வீட்டுக்கு வந்தா, நீ சொன்னது சரின்னு ஆயிடும். அப்புறம் இந்த வரிசையில யாருடா இருப்பாங்க? எங்க போவாங்க?"

"உயிரோட இருப்பாங்க."

"தண்ணி இல்லாத ஊர்லயா?"

அவன் கையை எடுத்தான். பிறகு நிமிர்ந்து திருப்புளியை எடுத்து, கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தான். மூன்று கீல். கீழ்க் கீலின் திருகு துருப்பிடித்துக் கிடந்தது. அதை உளியால் வெட்டினான். நிலை இன்னும் கோணினால் மூடிய கதவை யாராலும் திறக்க முடியாது. கதவே இல்லாவிட்டால் வெளியே வர வழியாவது இருக்கும். யாராவது வந்து அவளைத் தூக்க ஒரு வழி.

குளிருமே என்றாள் அக்கா. அவன் வாசலுக்கு ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டான். கட்டிலை வாசலுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டான். கதவை முதுகில் சுமந்துகொண்டு மழையில் மேலே ஏறினான். வழி நெடுக ஆட்கள் பார்த்தார்கள்.

மறுநாள் மூன்றாம் வீட்டுக்காரி வந்து பட்டறை வாசலில் நின்றாள். கதவைக் கழற்ற வேண்டும் என்றாள். காரணம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அவள் வீட்டில் போய்ப் பார்த்தபோது குழந்தைகளின் பாயை அவளும் வாசலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு வீடுகள். பிறகு ஒருவர் இரவு உணவு நேரத்தில் வந்து, மழை நின்றதும் திரும்ப மாட்டிவிடலாம்தானே என்று கேட்டார். மாட்டலாம் என்றான். அந்த வாரத்துக்குள் ஒன்பது வீட்டுக் கதவுகளும் அவனுடைய பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றன. பாறை மேல் நின்ற வீடுகளில் ஒன்றின் கதவும் வந்தது. அவர்களுக்குத் தேவையில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். பரவாயில்லை, கழற்றிவிடு என்றார்கள்.

யாரும் முளையைப் பற்றிப் பேசவில்லை. தொட்டிக்கு மேலே காய்ந்து கிடந்த சுரங்க வாயைக் கடக்கும்போது குடையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்த மாதக் கூட்டத்துக்குக் கீழ் வரிசைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கதவில்லாத வீட்டில் மழைச் சாரல் உள்ளே அடித்ததால் பாதிப் பேருக்கு இருமல். தச்சன் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றான். அக்கா வீட்டு அளவு அன்று காலை மூன்றேகால். அவன் சொல்லவில்லை. அவர்களில் நான்கைந்து பேர் இப்போது தாங்களே நூல் வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் பெருச்சாளியைப் பார்த்து அடைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நன்றாக நிற்கிறது என்றான் பெருச்சாளி. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கிடங்கில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இந்தக் கோடைக்குக் குட்டைப் பக்கம் போக வேண்டியிருக்காது என்று யாரோ சொன்னார்கள். மூன்றாம் வீட்டுக்காரி ஆமாம் என்றாள். பிறகு கீழ் வரிசைக்காரர்கள் சீக்கிரம் எழுந்தார்கள். குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.